ஒரே மைலோ டின்னில் நான்கு நாட்டு மருந்து: எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

சிப்புட்_தொண்டர்

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கும், தோட்டத்தை விட்டு டவுனுக்குக் குடிவந்த பெரியவர்களுக்கும் வீட்டு மருந்துகளைச் சரிபார்க்கும் ஒரு நாள் முகாமைக் கோயில் மண்டபத்தில் நடத்தப் போகிறோம். "வீட்டில் கிடக்கிற மருந்தையெல்லாம் அப்படியே அள்ளிக்கொண்டு வாருங்கள்" என்பதுதான் அழைப்பு. மருந்தாளுநர் ஒருவர் வருகிறார். அவர் ஒருவரே எல்லாப் பையையும் பிரித்துப் பார்க்க முடியாது. தொண்டர்கள் முதலில் பிரித்து எழுதித் தர வேண்டும்.

மாதிரிக்கு ஒரு டின். 68 வயது அம்மா, இனிப்பு நீரும் ரத்தக் கொதிப்பும் உண்டு. டின்னில் இருந்தவை: அரசாங்க கிளினிக்கில் கொடுத்த மெட்பார்மின் 500 (காலை 2, இரவு 2), கிளிக்லசைட் 80, பெரிண்டோப்ரில் 4, ஹைட்ரோகுளோரோதையசைட் 25. திருச்சியிலிருந்து உறவுக்காரர் கொண்டுவந்த கிளைக்கோமெட் ஜிபி 1, ஜெரோடால் எஸ்பி, டோலோ 650. ஜெரோடால் அட்டையின் ஓரத்தை வெட்டியதில் தேதி போய்விட்டது. தனியார் கிளினிக்கின் சின்னப் பிளாஸ்டிக் பையில் வெள்ளை மாத்திரை; பையில் 'சாக்கிட்' (மலாயில் 'வலி') என்று மட்டும் எழுதியிருக்கிறது. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய மூட்டுவலி கேப்சூல், டப்பா முழுக்க இந்தோனேசிய மொழி. கடையில் வாங்கிய பனடோல். அடியில் கோடாலித் தைலம்.

பெயரெல்லாம் வேறு வேறாக இருக்கும்போது ஒன்றோடு ஒன்றை எப்படி ஒப்பிடுவது? எதை உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும், எதை நிறுத்தச் சொல்லவே கூடாது? ஊரிலிருந்து பாசமாக வந்த மருந்தை மனம் நோகாமல் எப்படி வாங்கிப் பார்ப்பது? பக்கத்து லயத்தில் வங்காளதேசத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள், அவர்களையும் கூப்பிடலாமா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

பேராக்_பார்மசி

தம்பி, நாடு பார்த்துப் பிரிக்காதீர்கள், உள்ளே இருக்கும் சரக்கைப் பார்த்துப் பிரியுங்கள். அட்டையின் முன்பக்கம் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். அது கடலைத் தாண்டினால் மாறிவிடும். பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பது மூலப்பெயர். உலகச் சுகாதார நிறுவனம் 1953 முதல் இந்த மூலப்பெயர்களை ஒரே மாதிரி வகுத்து வைத்திருப்பதால், திருச்சியோ டாக்காவோ ஈப்போவோ, இந்தப் பெயர் பெரும்பாலும் ஒன்றுதான். பெயரின் வாலைப் பார்த்தாலே குடும்பமும் தெரியும்: 'ப்ரில்', 'சார்ட்டான்', 'டிப்பின்', 'ஒலோல்' என்று முடிந்தால் ரத்தக் கொதிப்பு, இதயம் சார்ந்தவை; 'ஸ்டாட்டின்' என்றால் கொழுப்புக்கு. ஒரே வால் இரண்டு அட்டையில் வந்தால் சிவப்புப் புள்ளி வையுங்கள்.

வேலையை இப்படிச் செய்யலாம். ஒரு மேசைக்கு இரண்டு பேர், ஒருவர் வாசிக்க, ஒருவர் எழுத. வெள்ளைத்தாளைப் பரப்பி டின்னைக் கவிழ்த்துவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூலப்பெயர், மி.கி., ஒரு நாளைக்கு உண்மையில் எத்தனை போடுகிறார், எதற்கென்று நினைத்துப் போடுகிறார், யார் கொடுத்தது, இந்த ஐந்தையும் எழுதுங்கள். 'எத்தனை போடச் சொன்னார்கள்' என்று கேட்டால் பாடம் ஒப்பிப்பார்கள். 'நேற்று ராத்திரி எதையெல்லாம் போட்டீர்கள், எடுத்துக் காட்டுங்கம்மா' என்று கேளுங்கள். விரல் எந்த அட்டைக்குப் போகிறதோ அதுதான் உண்மை.

இனி அந்த டின். கிளைக்கோமெட் ஜிபி 1 என்பது ஒரு மாத்திரையில் இரண்டு மருந்து: மெதுவாகக் கரையும் மெட்பார்மின் 500, கிளிமெபிரைடு 1 மி.கி. கிளினிக் கொடுத்த மெட்பார்மின் ஏற்கெனவே 2,000 மி.கி. ஆகிறது. ஜிபியைக் காலையும் இரவும் போட்டால் 3,000. வயிற்றுப்போக்கும் குமட்டலும் வரும்; சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அதைவிடப் பெரிய ஆபத்து. அதைக்காட்டிலும் நான் பயப்படுவது கிளிமெபிரைடைப் பற்றி. கிளிக்லசைடும் அதுவும் ஒரே குடும்பம். சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே தள்ளும். ராத்திரி சரியாகச் சாப்பிடாமல், அல்லது வெள்ளிக்கிழமை விரதம், தைப்பூச விரதம் என்று இருந்துகொண்டு இரண்டையும் போட்டால் விடியற்காலை வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறி விழுவார்கள். வீட்டில் 'வயசாகிவிட்டது, உளறுகிறார்' என்று விட்டுவிடுவதும் உண்டு.

அப்படி ஆனால் தேக்கரண்டியால் மூன்று கரண்டி சீனியை அரை கிளாஸ் தண்ணீரில் கலக்கிக் கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து ரத்தச் சீனியைச் சோதித்து, ஏறாவிட்டால் மறுபடி அதே அளவு. ஏறியபின் சோறோ ரொட்டியோ சாப்பிட வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. இந்த இரண்டு மாத்திரைகளால் இறங்கிய சீனி என்றால், தெளிந்துவிட்டார் என்று வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். மருந்து உடம்பில் இருக்கும்வரை சில மணி நேரத்தில் மறுபடி இறங்கும். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டிய விஷயம் அது.

சோதிக்கும் மெஷினையும் பாருங்கள். இங்கே மில்லிமோல் கணக்கு, இந்தியாவிலிருந்து வரும் மெஷின் மில்லிகிராம் கணக்கு. 18ஆல் வகுத்தால் நம் கணக்கு வரும். அங்கே 126 என்றால் இங்கே 7. அங்கே 70 என்றால் இங்கே 3.9, அதாவது ஆபத்துக் கோடு. கிளினிக் புத்தகத்தில் 'ஏழு' என்று பார்த்துப் பழகியவர் மெஷினில் 70 என்று பார்த்தால் பத்து மடங்கு ஏறிவிட்டது என்று பதறி இன்னொரு மாத்திரையைப் போட்டுக்கொள்ளக்கூடும். மெஷினோடு வரச் சொல்லுங்கள்.

அடுத்தது வலி மாத்திரை. ஜெரோடால் எஸ்பியில் அசெக்லோபெனாக் 100, பாராசிட்டமால் 325, செராசியோபெப்டிடேஸ் 15 மி.கி. என்று மூன்று இருக்கின்றன. டோலோவும் பாராசிட்டமால், 650. பனடோலும் பாராசிட்டமால், 500. டோலோ மூன்று வேளை 1,950, ஜெரோடால் இரண்டு வேளை 650, பனடோல் இரண்டிரண்டாக மூன்று வேளை 3,000. கூட்டினால் 5,600 மி.கி. பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச வரம்பு 4,000. ஒல்லியான வயதானவர்களுக்கும் சம்சு (மலிவுச் சாராயம்) குடிக்கிறவர்களுக்கும் அதிலும் குறைவு. பாராசிட்டமால் மிஞ்சினால் முதல் நாள் ஒன்றுமே தெரியாது, ஈரல் கெடுவது இரண்டாம் மூன்றாம் நாள்தான் வெளியே வரும். நஞ்சை முறிக்கும் மருந்து இருக்கிறது, ஆனால் 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன். அதனால் ஒரேயடியாக நிறையப் போட்டுவிட்டார் என்று தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பெரிண்டோப்ரில், ஹைட்ரோகுளோரோதையசைட், அசெக்லோபெனாக் மூன்றும் ஒரே டின்னில் இருப்பது மூன்றாவது சிவப்புப் புள்ளி. முதல் இரண்டும் கொதிப்புக்காகச் சிறுநீரகத்தின் அழுத்தத்தையும் நீரையும் குறைக்கின்றன. வலி மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைச் சுருக்குகிறது. வெயிலில் வேலை செய்து தண்ணீர் குடிக்காதவரிடம், அல்லது வயிற்றுப்போக்கு கண்டவரிடம், இந்த மூன்றும் சேர்ந்தால் சில நாட்களில் சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். செம்பனைக் குலை வெட்டுகிற ஆண்களுக்கு இதைத் தனியாகச் சொல்லுங்கள், அவர்கள்தான் வலி மாத்திரையோடு வேலைக்குப் போகிறவர்கள்.

வெள்ளை மாத்திரையை நிறத்தை வைத்து யூகிக்காதீர்கள். கிளினிக்குக்கே போய் மருந்துப் பெயரை எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள், நோயாளிக்கு அந்த உரிமை உண்டு. 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்கும் பார்மசியும் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்பதும் சட்டம். விலையைக் கேட்கும்போதே பெயரையும் கேட்டுவிடலாம்.

பழைய_டிரஸர்

அக்கா சொன்ன கணக்கு முழுக்கச் சரி. நான் அந்த டின் எப்படி நிறைந்தது என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் அது தெரியாமல் பேசினால் சனங்கள் அடுத்த முறை டின்னைக் கொண்டு வரமாட்டார்கள்.

தோட்டத்துக்கு மருந்து என்றைக்குமே கடல் தாண்டித்தான் வந்தது. ரப்பர் மரமே பிரேசிலிலிருந்து லண்டன் வழியாக வந்தது. மரத்தோடு வந்த ஆட்களை மலேரியா தின்றபோது கொடுத்த குவினைன், டச்சுக்காரர்களின் ஜாவாத் தோட்டங்களில் உரித்த சின்கோனாப் பட்டை. 1942இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்தவுடன் உலகத்துக்கே குவினைன் தட்டுப்பாடு வந்தது. ஆக உலகச் சந்தை ஆடினால் லயத்தில் காய்ச்சல் கூடும் என்பது நமக்குப் புதிதில்லை. 2022இல் பார்மசிகளில் காய்ச்சல், சளி மருந்து கிடைக்காமல் திண்டாடியதும் அந்த வரிசைதான்.

ஆனால் அந்தக் காலத்தில் மருந்தோடு ஓர் ஆளும் இருந்தார். 1965ஆம் ஆண்டே தோட்டத்து ஆஸ்பத்திரி உதவியாளர்களைப் பதிவு செய்யத் தனிச் சட்டம் வந்தது. நாம் டிரஸர் என்று கூப்பிட்டவர்கள் அவர்கள்தான். மாமியாருக்கு என்ன மருந்து, மருமகளுக்கு எத்தனையாவது மாதம், யாருக்கு எந்த ஊசி ஒத்துக்கொள்ளாது என்பது ஒரே ஆளுடைய தலையிலும் ஒரே நோட்டுப் புத்தகத்திலும் இருந்தது. தோட்டங்கள் கைமாறி, ரப்பர் போய் செம்பனை வந்து, சனங்கள் டவுன் பிளாட்டுகளுக்கு வந்தபோது அந்த நோட்டு பல இடங்களில் தொடரவில்லை. இப்போது கிளினிக் ஒரு புத்தகம், தனியார் டாக்டர் ஒரு கார்டு, ஊர் மருந்துக்கு எதுவுமே இல்லை. நீங்கள் நடத்தும் முகாம் அந்த நோட்டைத் திரும்ப எழுதும் வேலை. அதை மனத்தில் வைத்துச் செய்யுங்கள்.

ஊரிலிருந்து வரும் மாத்திரை அட்டை வெறும் மருந்து இல்லை தம்பி. சேலை, முறுக்கு, வெண்கலக் குத்துவிளக்கோடு அதுவும் பெட்டியில் வருகிறது. 'உங்களுக்காக நல்ல டாக்டரிடம் கேட்டு வாங்கினேன்' என்ற சொல்லோடு வருகிறது. அதை மேசையில் வைத்து 'இதெல்லாம் கூடாது' என்றால் கொடுத்தவரைச் சொன்ன மாதிரி. முதலில் யார் கொண்டுவந்தார்கள் என்று கேளுங்கள், அவர்கள் சொல்லட்டும். பிறகு, 'அம்மா, திருச்சி மருந்தும் இங்கே கொடுத்த மருந்தும் ஒன்றுதான். இரண்டு பேரும் ஒரே வேலையைச் செய்யப் போய் உங்களைக் கீழே தள்ளிவிடுவார்கள். ஒருவர் இருந்தால் போதும்' என்று சொல்லுங்கள். கேட்டுக்கொள்வார்கள். அந்த உறவுக்காரருக்கே போன் போட்டு, அடுத்த முறை மருந்துக்குப் பதிலாக அங்கே எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளைக் கொண்டுவரச் சொன்னால் இன்னும் நல்லது.

'ஊசி போட்டால்தான் டாக்டர்', 'சிவப்பு கேப்சூல் கொடுத்தால்தான் கேட்கும்' என்ற நினைப்பும் இருக்கிறது. கூலி நாளுக்கு நாள் கிடைக்கிறவனுக்கு ஓய்வெடு என்று சொல்வது மருந்தாகத் தெரியாது. வலி மாத்திரை அவனுக்குக் கத்தி, கோடாலி மாதிரி ஒரு வேலைச் சாமான். அதைக் குறை சொல்லாமல், எத்தனை நாளாகப் போடுகிறான் என்பதை மட்டும் சரியாகக் கேட்டு எழுதுங்கள்.

இப்போது அந்த மூட்டுவலி கேப்சூல். இதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். பதிவு இல்லாத மூட்டுவலிச் சரக்குகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை இங்கே அதிகாரிகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பல வருட வலி ஒன்றிரண்டு நாளில் பறந்துவிட்டதா, பசி கூடியதா, முகம் உருண்டையாக உப்பியதா, கையில் தொட்டாலே கன்றிப்போகிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் சந்தேகமே வேண்டாம். ஸ்டீராய்டு சீனியையும் கொதிப்பையும் ஏற்றும். அந்த அம்மாவுக்குச் சீனி ஏறியதாலேயே திருச்சியிலிருந்து ஜிபி வந்திருக்கலாம், கொதிப்பு ஏறியதால் கிளினிக்கில் இன்னொரு மாத்திரை கூடியிருக்கலாம். ஒரு கேப்சூல் மூன்று மருந்தை வீட்டுக்குள் கூட்டி வரும்.

அதை அங்கேயே பிடுங்கிக் குப்பையில் போடுவதுதான் பெரிய தவறு. வாரக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்ததால் உடம்பின் சொந்தச் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், கொதிப்பு விழுவது, சீனி விழுவது என்று உயிருக்கே வரும். டெக்சாமெத்தசோன் 0.75 மி.கி. என்பது டாக்டர்கள் வழக்கமாகக் கொடுக்கும் ஸ்டீராய்டான பிரெட்னிசொலோன் 5 மி.கி.க்குச் சமம், கேப்சூலில் எவ்வளவு போட்டிருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே டப்பாவோடு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். டாக்டர் அளவு தெரிந்த ஸ்டீராய்டைக் கொடுத்துப் படிப்படியாக இறக்குவார். இறக்கும்போது சீனியும் சேர்ந்து இறங்கும், அப்போது இரட்டை இனிப்பு நீர் மாத்திரை கையில் இருந்தால் என்ன ஆகும் என்று அக்கா மேலே எழுதியதைப் பாருங்கள்.

கம்பார்_வாசி

சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியாவிலிருந்து வருவதெல்லாம் நம்பமுடியாது. இருமல் மருந்தில் பிள்ளைகள் செத்தது தெரியாதா? எல்லாவற்றையும் வாங்கிக் குப்பையில் போடச் சொல்லுங்கள், இங்கே கொடுப்பதை மட்டும் சாப்பிடட்டும்.

தரம்_பார்ப்பவன்

கம்பார் அண்ணே, அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அந்த முடிவு தவறு. இருமல் மருந்தில் நடந்ததை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். சிரப்பைக் கரைக்கப் புரோப்பிலீன் கிளைக்கால் சேர்ப்பார்கள். மருந்துத் தரத்தில் வாங்க வேண்டியதைத் தொழிற்சாலைத் தரத்தில் வாங்கி, டிரம்மைச் சோதிக்காமல் ஊற்றினால் உள்ளே டைஎத்திலீன் கிளைக்கால் வந்துவிடும். அது இனிக்கும், நிறமில்லை, நாக்கால் கண்டுபிடிக்க முடியாது. அனுமதி வரம்பு 0.1%. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவில் குழந்தைகள் இறந்தபோது, காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான சிரப்பைத் தமிழ்நாட்டு அரசு ஆய்வகம் சோதித்தது. அதில் இருந்தது 48.6%. 2022இல் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகள் இறந்ததும் இதே நஞ்சால்தான். முதல் அறிகுறி வாந்தி, அடுத்து ஒன்றுக்குப் போகாமல் நிற்பது. ஆகவே ஊரிலிருந்து வந்த குழந்தைச் சிரப் பாட்டில் மட்டும் முகாமில் தென்பட்டால், நீங்கள் சொல்வதை நானும் சொல்கிறேன்: ஒரு சொட்டும் வேண்டாம். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு இந்தியச் சுகாதாரத் துறையே 2 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இருமல், சளி மருந்து கொடுக்கக்கூடாது, 5 வயதுக்குள் பொதுவாக வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2003இல் எய்ட்ஸ் மருந்து நம் அரசாங்கத்துக்குக் கட்டுப்படியாகாதபோது, காப்புரிமைச் சட்டத்தில் அரசுப் பயன்பாட்டுக்கு இருக்கும் பிரிவைக் கொண்டு இந்திய ஜெனரிக் மருந்தை இறக்குமதி செய்தார்கள். 2017 செப்டம்பரில் ஹெப்படைட்டிஸ் சி மருந்தான சோபோஸ்புவிருக்கும் அதே வழி. அமெரிக்காவில் அது வந்த புதிதில் 12 வாரச் சிகிச்சைக்கு 84,000 டாலர். எகிப்திய நிறுவனம் ஒன்றோடு 2016இல் பேசிய ஏற்பாட்டில் சோபோஸ்புவிரோடு இன்னொன்றையும் சேர்த்த கூட்டு மருந்துக்கே சுமார் 300 டாலர் என்று வந்தது. பெங்களூரு கம்பெனி ஒன்றின் இன்சுலின் தொழிற்சாலை ஜொகூரில் இருக்கிறது. கிளினிக்கில் நமக்கு ஒரு ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் மாத்திரைகளிலும் இந்தியச் சரக்கு உண்டு. நாடு பிரச்சினை இல்லை. அந்தக் குறிப்பிட்ட பேட்சை யார் சோதித்து உள்ளே விட்டார்கள் என்பதுதான் கேள்வி.

பெரிய பெயர், பணக்கார நாடு என்பதும் காப்பு இல்லை. 2018இல் வால்சார்ட்டான் மாத்திரைகளை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்களே, மலேசியாவிலும்தான். சீனாவில் மூலப்பொருள் செய்த ஓர் ஆலை 2012இல் தயாரிப்பு முறையை மாற்றியது. கரைப்பானும் நைட்ரைட்டும் சேர்ந்து என்டிஎம்ஏ என்ற, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய கழிவு உருவானது. பல நாட்டுக் கம்பெனிகள் அதே ஆலையில் வாங்கியதால் வேறு வேறு பெயரில் ஒரே பழுது. அந்த மாதிரி நேரத்தில் சனங்கள் செய்த தவறு மாத்திரையை நிறுத்தியது. நிறுத்தினால் கொதிப்பு ஏறி பக்கவாதம் வரும் ஆபத்து அந்தக் கழிவின் ஆபத்தைவிட உடனடியானது. மாற்றி வாங்கும்வரை போட வேண்டும்.

இங்கே பதிவான சரக்கை அடையாளம் காண, டப்பாவில் எம்.ஏ.எல். என்று தொடங்கி எட்டு இலக்கம், கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். 'ஏ' என்றால் கட்டுப்பாட்டு மருந்து, 'எக்ஸ்' என்றால் சீட்டில்லாமல் வாங்கக்கூடியது, 'டி' (T) பாரம்பரிய மருந்து, 'என்' ஊட்டச் சத்து. கூடவே ஹோலோகிராம் ஒட்டியிருக்க வேண்டும். எண் இருந்தால் மட்டும் போதாது, போலிக்காரன் வேறொன்றின் எண்ணை அச்சடிப்பான். மருந்துகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான என்பிஆர்ஏவின் இணையப் பக்கத்தில் எண்ணைத் தட்டி, வரும் பெயரும் டப்பாவில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். மேசைக்கு ஒரு கைப்பேசி இந்த வேலைக்கே ஒதுக்குங்கள். சித்த, ஆயுர்வேத மருந்துக்கும் இதே விதி. ஈயம் கிலோவுக்கு 10 மி.கி., ஆர்சனிக் 5, பாதரசம் 0.5 என்பது வரம்பு. பாதரசம் சேர்த்த செந்தூரம், பற்பம் பொட்டலமாக வந்தால் தனியாக எடுத்து வையுங்கள்.

அந்தத் தேதி வெட்டிய அட்டை. தேதியும் பேட்ச் எண்ணும் அட்டையின் ஒரு முனையில்தான் அடித்திருக்கும். மாத்திரையை மறுமுனையிலிருந்து எடுக்கப் பழக்குங்கள். ஆசியான் நாடுகளுக்கான சரக்கை 30 டிகிரியிலும் 75% ஈரப்பதத்திலும் வைத்துச் சோதித்துத் தேதி போடுகிறார்கள். ஐரோப்பாவுக்கென்று செய்ததை 25 டிகிரி, 60%இல். தகரக் கூரை வீட்டில் பிரிஜ் மேல் வைத்த டின் மத்தியானத்தில் எந்த வரம்பையும் தாண்டும். ஆஸ்பிரின் டப்பாவைத் திறந்து மோந்து பாருங்கள், வினிகர் வாடை அடித்தால் ஈரம் பட்டு உடைந்துவிட்டது என்று அர்த்தம். நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரை கண்ணாடிப் பாட்டிலில்தான் இருக்க வேண்டும், திறந்து 8 வாரத்தில் மாற்ற வேண்டும். திறந்த தேதியைப் பாட்டிலில் எழுதச் சொல்லுங்கள்.

சிப்புட்_தொண்டர்

எல்லாருக்கும் நன்றி. வரிசையை மாற்றிவிட்டேன்: மேசைக்கு வந்தவுடன் முதலில் பதிவில்லாத சரக்கு, அடுத்து இரட்டை இனிப்பு நீர் மருந்து, பிறகு வலி மாத்திரை. மூன்று விஷயம் பாக்கி. தொழிலாளர்கள் பற்றி யாரும் சொல்லவில்லை. ஊரிலிருந்து கூரியரில் வரவழைப்பது சட்டப்படி சரியா? ஒருவர் திருப்பித் தரும் நல்ல மாத்திரையை இல்லாத இன்னொருவருக்குக் கொடுக்கலாமா?

பேராக்_பார்மசி

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கொடுக்கவே கூடாது. எந்தச் சூட்டில் இருந்தது என்று தெரியாது. கட்டுப்பாட்டு மருந்தை இப்படிக் கைமாற்றுவது 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டப்படி குற்றமும்கூட. வேண்டாததை அரசாங்க மருந்துக் கவுண்டரில் திருப்பிக் கொடுங்கள். சாக்கடையில் கொட்டுவதும் லயத்துக்குப் பின்னால் எரிப்பதும் வேண்டாம்.

கூரியர்: பயணம் செய்கிறவர் தனக்கோ குடும்பத்துக்கோ ஒருவருக்கு ஒரு மாதத்துக்குப் போதுமான அளவு கையோடு கொண்டுவர விலக்கு இருக்கிறது. அந்த விலக்கு தபாலுக்கோ கூரியருக்கோ வராது. தூக்க மாத்திரை வகைகளுக்கு விதி இன்னும் கடுமை. இந்தியாவில் சிகிச்சை எடுத்துக்கொண்டு திரும்புகிறவர் டிஸ்சார்ஜ் தாளை இங்கே உள்ள டாக்டரிடம் காட்டி, மருந்தை இங்கே தொடர்வதுதான் வழி. வால்வு ஆபரேஷன் செய்துகொண்டவர்களை முகாமில் குறிப்பாகத் தேடுங்கள். அங்கே ரத்தம் உறையாமலிருக்க அசெனோகூமரால் கொடுத்திருப்பார்கள், இங்கே வார்பரின். இரண்டையும் சேர்த்துப் போட்டால் உள்ளே ரத்தம் கசியும்.

தூரம்தான் சிக்கல், ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு மாதாமாதம் போக முடியவில்லை, அதனால்தான் ஊர் மருந்து என்று சொல்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு எஸ்பியுபி என்று ஒரு வழி இருக்கிறது. ஒரு முறை அங்கே பதிந்துவிட்டால் மீதி மாதங்களுக்கான மருந்தை வீட்டுக்குப் பக்கத்திலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரியிலோ கிளினிக்கிலோ வாங்கிக்கொள்ளலாம். மருந்துச் சீட்டைக் காட்டிக் கவுண்டரில் கேட்டால் போதும்.

தொழிலாளர்களைக் கட்டாயம் கூப்பிடுங்கள். வங்க எழுத்தில் அட்டை இருந்தாலும் மூலப்பெயர் பெரும்பாலும் ஆங்கில எழுத்திலும் இருக்கும், அதைப் படமெடுத்து மருந்தாளுநரிடம் காட்டலாம். அவர்களுக்கு எழுதிக் கொடுக்கும்போது வாக்கியம் வேண்டாம். உதிக்கும் சூரியன், உச்சி வெயில், நிலா மூன்றையும் வரைந்து, அதனடியில் அத்தனை மாத்திரையை வட்டமாக வரையுங்கள். சாப்பிட்ட பிறகு என்றால் காலித் தட்டு. பிறகு அவரையே திருப்பிச் சொல்ல வையுங்கள். முகாமுக்கு வந்தால் பெர்மிட் கேட்பார்களோ என்ற பயம் இருக்கும், பெயர் எழுத மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தரம்_பார்ப்பவன்

ஒன்று விட்டுப்போனது, தொண்டர்கள் தடுமாறப்போகும் இடம் அது. பெரிண்டோப்ரில் 4 ஓர் அட்டையிலும் பெரிண்டோப்ரில் 5 இன்னோர் அட்டையிலும் இருந்தால், 'ஒரு மி.கி. கூடிவிட்டது' என்று எழுதிவிடாதீர்கள். 4 என்பது எர்புமைன் என்ற உப்பாகச் செய்த மருந்தின் எடை, 5 என்பது ஆர்ஜினின் என்ற உப்பாகச் செய்ததன் எடை, இரண்டிலும் மருந்தளவு ஒன்றே. எர்புமைன் நம் மாதிரி ஈரமான ஊரில் சீக்கிரம் கெடுகிறது என்பதால்தான் ஆர்ஜினின் உப்பைக் கொண்டுவந்தார்கள். எண்ணுக்குப் பக்கத்தில் உப்பின் பெயரையும் எழுதுங்கள். இரண்டு அட்டையும் ஒரே டின்னில் இருந்து, அம்மா இரண்டையும் போடுகிறார் என்றால் மட்டும் சிவப்புப் புள்ளி.